கல்லாவில் உட்கார்ந்திருப்பவரை நினைத்துக்கொள்

கண்ணா,

கடைகளுக்கு மென்பொருள் எழுதும் வேலைக்கு நீயும் வந்துவிட்டாய் என்று கேள்விப்பட்டதில் எனக்கு நிரம்ப மகிழ்ச்சி. என் வேலைக்காலம் முழுதும் சென்னையில் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்ற மூன்று பேட்டைகளுக்குள்ளேயே கழிந்தது. துணிக்கடை, மருந்துக்கடை, பாத்திரக்கடை, வாடகை நூல்நிலையம், சின்ன கிளினிக் என்று எத்தனையோ இடங்களுக்கு பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். திரையில் ஓடும் நிரலையும், கணக்கெல்லாம் தங்கியிருக்கும் தரவுத்தளத்தையும் எந்த வழியில் இணைப்பது என்று நீ கேட்டாய். ஓடிபிசியா, ஏடிஓவா, ஜேடிபிசியா, நடுவில் ஒரு சர்வீஸ் வைப்பதா என்று பெயர்களையும் அடுக்கியிருந்தாய். பெயர்களைப் பிறகு பார்க்கலாம். அந்த இணைப்பு அறுந்துபோகும் நிமிடத்தில், எதிரே நிற்கும் வாடிக்கையாளருக்கு யார் பதில் சொல்லப்போகிறார் என்று முதலில் யோசி. நான் கற்றதெல்லாம் அந்த ஆளை மறந்தவர்களிடமும் மறக்காதவர்களிடமும் கற்றதுதான்.

1. ஒரு வரி எழுதுவதற்கு முன் கடைக்குப் போ. சனிக்கிழமை சாயங்காலம் போ, ஆள் இல்லாத செவ்வாய்க்கிழமை காலையில் போகாதே. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார். எத்தனை கம்ப்யூட்டர், அவற்றில் எத்தனை கணக்கை எழுதுகின்றன, எத்தனை பார்க்க மட்டும் செய்கின்றன என்று எண்ணு. சர்வர் எங்கே இருக்கிறது, அதற்கு யுபிஎஸ் உண்டா, நெட்வொர்க் கேபிள் எந்தக் கதவிடுக்கு வழியாக வருகிறது என்று பார். ரங்கநாதன் தெருவில் பில் போடுகிற பெண் திரையைப் பார்ப்பதே இல்லை. இடது கை துணியை இழுக்கும், வலது கை பார்கோடு கன்னை அழுத்தும், கண் வாடிக்கையாளர் முகத்தில் இருக்கும். ஒவ்வொரு துணிக்கும் உன் நிரல் சர்வரிடம் போய் முழுச் சரக்குப் பட்டியலையும் அள்ளிக்கொண்டு வந்தால், அந்தப் பெண்ணின் கை காத்திருக்கும். வரிசை வாசல்வரை நீளும். உன் மேசையில் இருபது சரக்கு வைத்துச் சோதித்தபோது தெரியாதது அங்கே தெரியும். ஆழம் பார்த்துக் காலை வைப்பது என்றால் இந்த வேலையில் இதுதான்.

2. சின்ன இடத்துக்குச் சின்னதாகவே செய். மயிலாப்பூரில் ஒரு வாடகை நூல்நிலையம். ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள். அவருக்குப் பெரிய சர்வர் ஒன்றை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் மெஷினைப் போட்டால் அந்த சர்வர் எழுந்திருக்க நேரமாகும். சில நாள் எழுந்திருக்கவே செய்யாது. புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அங்கே வேண்டியிருந்தது எஸ்க்யூலைட் போன்ற, நிரலோடு சேர்ந்தே ஓடும் ஒரு கோப்பு. ரிச்சர்ட் ஹிப் அதை 2000-ல் வெளியிட்டார். அமெரிக்கக் கடற்படைக் கப்பலுக்கான ஒரு மென்பொருள் வேலையில், தரவுத்தள சர்வர் நின்றால் நிரலும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுகிறதே என்ற தவிப்பில் பிறந்தது அது. இன்று நம் ஸ்மார்ட்போன் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. சர்வர் இல்லை, போர்ட் இல்லை, கடவுச்சொல் சண்டை இல்லை. இதைச் செய்தால் நம்மைச் சின்ன ஆளாக நினைத்துவிடுவார்களோ என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும். அந்த நூல்நிலையக்காரர் உன் படிப்பைப் பார்க்கப்போவதில்லை, காலை ஒன்பது மணிக்குத் திரை வந்ததா என்றுதான் பார்ப்பார்.

3. ஆனால் அந்தக் கோப்பை ஷேர்டு ஃபோல்டரில் போட்டு நாலு கம்ப்யூட்டருக்குப் பகிர்ந்து கொடுக்காதே. இதை எத்தனை அழுத்திச் சொன்னாலும் போதாது. ஒரு காலத்தில் தி. நகர்க் கடைகளில் பாதி இப்படித்தான் ஓடின: அக்சஸ் எம்டிபி கோப்பு ஒரு மெஷினில், மற்ற கல்லாக்கள் நெட்வொர்க் வழியாக அதைத் திறந்து எழுதும். மூன்று கல்லா இருக்கும்வரை ஓடும். தீபாவளிக்கு முந்தின வாரம் கூடுதலாக இரண்டு கல்லா போடுவார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே யாரோ ஒரு மெஷினின் ஸ்விட்சை அணைப்பார்கள். பக்கத்தில் எல்டிபி பூட்டுக் கோப்பு அநாதையாகக் கிடக்கும், எந்தக் கல்லாவிலும் கோப்பு திறக்காது. எல்லாரையும் வெளியேற்றி, 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' ஓடவிட்டு, வாடிக்கையாளர்களுக்குக் கையால் பில் எழுதிக் கொடுத்த சாயங்காலங்களை நான் பார்த்திருக்கிறேன். அக்சஸ் கோப்புக்கு 2 ஜிபி எல்லையும் உண்டு. இப்படிப் பகிர்ந்து திறப்பதில் எஸ்க்யூலைட்டும் விலக்கில்லை. நெட்வொர்க் வழியாகப் போகும் கோப்புப் பூட்டை நம்ப முடியாது என்று அதை எழுதியவர்களே தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது மெஷின் எழுதத் தொடங்கும் நாளிலேயே போஸ்ட்கிரெஸ்க்யூஎல், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் என்று முறையான ஒன்றுக்குப் போய்விடு. எஸ்க்யூஎல் சர்வரின் இலவச எக்ஸ்பிரஸில், 2022 பதிப்பு வரை, ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபிதான் என்பதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடு. பணம் கொடுக்கிறவருக்கு எல்லை தெரிந்திருக்க வேண்டும்.

4. டிரைவரின் மேல் காதல் கொள்ளாதே. 1992-ல் ஓடிபிசி வந்தது. விஷுவல் பேசிக்கில் டிஏஓ, பிறகு ஆர்டிஓ, பிறகு ஏடிஓ என்று வரிசையாக வந்தன. 1997-ல் ஜாவாவுக்கு ஜேடிபிசி. 2002-ல் ஏடிஓ டாட் நெட். ஒவ்வொன்று வந்தபோதும் இதுதான் இனி என்றார்கள். ஏடிஓவுக்கு அடியில் இருக்கும் ஓஎல்ஈ டிபியை எஸ்க்யூஎல் சர்வரில் கைவிடப்போவதாக 2011-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதை நம்பிப் பலர் நிரலை மாற்றி எழுதினார்கள். 2018-ல் அதே ஓஎல்ஈ டிபிக்குப் புதிய டிரைவரை அவர்களே வெளியிட்டார்கள். ஜாவாவிலிருந்து ஓடிபிசிக்குப் போகும் பாலம் 2014-ல் ஜாவா 8 வந்தபோது அடியோடு நீக்கப்பட்டது. அதை நம்பியிருந்த பழைய நிரல்களெல்லாம் மெஷின் மாற்றியதும் நின்றுபோயின. ஆகவே உன் தரவுத்தளத்தைச் செய்தவர்களே தரும் டிரைவர் இருந்தால் அதை எடுத்துக்கொள். வேறு வேறு தரவுத்தளத்தோடு பேசியே ஆகவேண்டும் என்றால் ஓடிபிசி இன்றும் உழைக்கும். எதை எடுத்தாலும், இணைப்பைத் திறக்கும் வரிகளை நிரலில் ஒரே ஓர் இடத்தில் வை. நூறு படிவங்களில் நூறு முறை கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் எழுதியிருக்கும் நிரலை யாரும் அன்போடு தொடமாட்டார்கள்.

கூடவே ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லித்தராதது. 64 பிட் விண்டோஸில் ஓடிபிசி அமைக்கும் ஜன்னல் இரண்டு உண்டு, இரண்டுக்கும் கோப்பின் பெயர் ஒன்றே. 'சிஸ்டம்32' ஃபோல்டரில் இருப்பது 64 பிட்டுக்கு. 'சிஸ்வாவ்64' ஃபோல்டரில் இருப்பது 32 பிட்டுக்கு. பெயர்கள் தலைகீழாக இருப்பதால் எல்லாரும் ஏமாறுவார்கள். உன் நிரல் 32 பிட்டாக இருந்து நீ மற்ற ஜன்னலில் அமைத்துவிட்டால், திரையில் எல்லாம் சரியாக இருக்கும். நிரல் மட்டும் அப்படி ஒரு பெயரே இல்லை என்று சாதிக்கும். புது மெஷின் வந்த கடையிலிருந்து பதற்றமாகப் போன் வந்தால் முதலில் இதைப் பார்.

5. ஆள் யோசிக்கும்போது பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்காதே. ஆடித் தள்ளுபடி நேரம், பாண்டி பஜாரில் ஒரு கடை. திடீரென்று எல்லாக் கல்லாவும் உறைந்துவிட்டன. சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, கேபிள் சரி. தேடிப் பார்த்தால் மாடியில் இருப்பு சரிபார்க்கும் கம்ப்யூட்டரில் 'சேமிக்கலாமா?' என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் நின்றுகொண்டிருந்தது. அதை எழுதியவர் டிரான்ஸாக்‌ஷனைத் தொடங்கி, இருப்பைத் திருத்தி, அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார். பதில் சொல்லவேண்டியவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வரும்வரை அந்தச் சரக்கின் வரிசை பூட்டியே இருந்தது, கீழே அதே சேலைக்கு பில் போட்ட ஒவ்வொருவரும் காத்துக்கிடந்தார்கள். கேள்விகளையெல்லாம் முதலில் கேட்டு முடி. பிறகு இணைப்பைத் திற, எழுது, முடி, மூடு. திருத்தும் நேரத்தில் வேறு யாராவது மாற்றிவிட்டார்களா என்று அறிய ஒரு பதிப்பு எண்ணை அந்த வரிசையிலேயே வைத்து ஒப்பிட்டுப் பார். மூடிய இணைப்பைப் பல டிரைவர்கள் கையிருப்பில் வைத்திருந்து அடுத்த முறை உடனே தரும். திறந்து மூடினால் நேரமாகுமே என்று பயப்படாதே.

6. முழுதாகச் செய், இல்லையென்றால் செய்யாதே. 2012-ல் சென்னையில் தினமும் மின்வெட்டு. யுபிஎஸ் பேட்டரியெல்லாம் கிழடு தட்டிப்போயிருந்தன. பில் தலைப்பு எழுதியாயிற்று, சரக்கு வரிகள் பாதி எழுதியாயிற்று, இருப்புக் குறைக்கும் முன் மின்சாரம் போயிற்று என்றால் அந்தக் கணக்கை யார் நேர் செய்வது? மூன்றையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வை. இதைச் செய்யும் பலரும் அடுத்ததை மறந்துவிடுகிறார்கள்: 'கமிட்' சொன்ன கணத்தில் கேபிள் பிடுங்கிக்கொண்டால், சர்வரில் பில் பதிந்திருக்கும், உனக்குப் பதில் மட்டும் வந்திருக்காது. நிரல் தோற்றுவிட்டதாக நினைத்து மறுபடி எழுதும். ஒரே பில் இரண்டாகிவிடும். அதனால் ஒவ்வொரு பில்லுக்கும் கல்லா எண்ணும் தொடர் எண்ணும் சேர்ந்த ஓர் அடையாளத்தை நிரலே முதலில் உண்டாக்கட்டும், தரவுத்தளத்தில் அது ஒருமுறைதான் வரலாம் என்று கட்டுப்பாடு போடு. இரண்டாம் முறை எழுதப் போனால் தரவுத்தளமே மறுக்கும். மாதக் கடைசியில் கணக்கப்பிள்ளை உன்னை வாழ்த்துவார்.

7. தோல்வியை மறைக்காதே. விஷுவல் பேசிக் நாட்களில் 'ஆன் எர்ரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்று ஒரு வரி உண்டு. தவறு நேர்ந்தாலும் நிற்காமல் அடுத்த வரிக்குப் போகச் சொல்வது. அதைப் போட்டுவிட்டால் நிரல் ஒருநாளும் முகம் சுளிக்காது. அடையாறில் ஒரு மருந்துக்கடையில் இப்படித்தான் வாரக்கணக்கில் ஓடிற்று: பில் அச்சாகிறது, பணம் வாங்குகிறார்கள், சர்வர் தொடர்பு விட்டுப்போன நேரத்து பில்கள் மட்டும் எங்கும் பதியவில்லை. பணம் கூடுதலாகவும் மருந்து குறைவாகவும் இருக்கிறது. கடைசியில் பழி வந்து விழுந்தது, அங்கே வேலை பார்த்த பையன் தலையில். காரணம் தெரிந்து, முதலாளி அவனைக் கூப்பிட்டு வருத்தம் சொன்னார். ஆனாலும் சந்தேகப் பார்வைகளுக்கு நடுவே அவன் கழித்த நாட்களை யார் திருப்பித் தருவது? நீ எழுதும் ஒவ்வொரு வரியின் பின்னாலும் இப்படி ஒரு பையன் நிற்கிறான். பதியாத பில்லை அச்சிடாதே. திரையில் தமிழில் சொல்: 'சர்வரோடு தொடர்பு இல்லை. இந்த பில் சேமிக்கப்படவில்லை. மேலாளரைக் கூப்பிடவும்.' டிரைவர் தரும் நீளமான ஆங்கிலப் புலம்பலை ஒரு லாக் கோப்பில் எழுதிக்கொள். அது உனக்கு, அவருக்கு வேண்டாம்.

8. பெயர்களை மதி. சாந்தோம் பக்கம் டி'சோசா, டி'சில்வா என்று வாடிக்கையாளர்கள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒற்றை மேற்கோள் குறி வரும். பெயரை அப்படியே எஸ்க்யூஎல் வாக்கியத்தில் ஒட்டவைக்கும் நிரல் அந்தக் குறியைக் கண்டதும் விழுந்துவிடும். 'உங்கள் பெயரைக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை' என்று ஒரு பாட்டியிடம் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அதே ஓட்டை வழியாகத்தான் கெட்ட எண்ணம் உள்ளவன் தன் கட்டளையை உள்ளே நுழைப்பான். பெயரை எப்போதும் பாராமீட்டராகக் கொடு. பாட்டியும் மதிக்கப்படுவாள், திருடனும் வாசலில் நிற்பான்.

தமிழ்ப் பெயர் என்றால் இன்னும் கவனம். விண்டோஸில் தமிழுக்கென்று பழைய ஆன்சி கோட்பேஜ் ஏதும் கிடையாது. விண்டோஸ் 2000-லிருந்து யூனிகோடாகவே வந்தது. ஆகவே வழியில் ஏதாவது ஒரு கண்ணி யூனிகோட் அறியாததாக இருந்தால், 'கற்பகம்' என்று அடித்தது வரிசையாகக் கேள்விக்குறிகளாகப் பதியும். எஸ்க்யூஎல் சர்வரில் நெடுவரிசை 'என்வார்சார்' ஆக இருந்தும், வாக்கியத்தில் மேற்கோளுக்கு முன்னால் 'என்' எழுத்தைப் போடாவிட்டால் இதே கதிதான். மைஎஸ்க்யூஎல்லில் அட்டவணைக்கும் இணைப்புக்கும் இரண்டுக்குமே 'யுடிஎஃப்8எம்பி4' என்று சொல்லவேண்டும். கேள்விக்குறியாகப் பதிந்தது திரும்பி வராது. அசல் எழுத்து அங்கே இல்லவே இல்லை. கடையைத் திறப்பதற்கு முன் ஒரு தமிழ்ப் பெயரை உள்ளே அனுப்பி, வெளியே எடுத்து, அச்சடித்துப் பார்த்துவிடு.

9. சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போகாதே. நிரலுக்குள் கடவுச்சொல்லை எழுதி இஎக்ஸ்ஈ ஆக்கிவிட்டால் மறைந்துவிட்டது என்று நினைப்பார்கள். நோட்பேடில் திறந்து தேடினாலே பல நேரம் கண்ணில் படும். அதைவிடக் கொடுமை, எல்லாக் கல்லாவும் 'எஸ்ஏ' என்ற நிர்வாகி பெயரில், கடவுச்சொல்லே இல்லாமல் நுழைவது. 2002 மே மாதம் ஸ்பைடா என்ற புழு அப்படி வெறுமையாக விட்ட எஸ்க்யூஎல் சர்வர்களைத் தேடித் தேடிப் புகுந்தது. 2003 ஜனவரி 25-ல் ஸ்லாமர் என்ற இன்னொரு புழு வந்தது. அதற்கான திருத்தம் ஆறு மாதம் முன்பே வெளியாகியிருந்தும் போடாதவர்கள் உலகமெங்கும் மாட்டிக்கொண்டார்கள். தங்கள் மெஷினில் எஸ்க்யூஎல் சர்வர் எஞ்சின் இருப்பதே தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. கல்லாவுக்கு ஒரு கணக்கு, அதற்கு பில் எழுதும் உரிமை மட்டும். அழிக்கும் உரிமை வேண்டாம். அடையாறில் கிளை திறக்கிறோம், அங்கிருந்தும் இதே தரவுத்தளத்துக்கு வரவேண்டும் என்று முதலாளி சொல்வார். அன்றைக்கு ரவுட்டரில் 3306 போர்ட்டையோ 1433 போர்ட்டையோ உலகத்துக்குத் திறந்துவிடாதே. விபிஎன் போடு, அல்லது நடுவில் ஒரு சர்வீஸை வைத்து நிரல் அதனோடு மட்டும் பேசட்டும்.

10. நடுவில் சர்வீஸ் வைப்பதா என்று கேட்டாயே, அதற்கு வருகிறேன். மூன்று கல்லா, ஒரே கட்டடம், ஒரே கேபிள் என்றால் நிரல் நேராகத் தரவுத்தளத்தோடு பேசலாம், தவறில்லை. கிளைகள் வந்தால், விதிகள் அடிக்கடி மாறினால், கைபேசியிலும் பார்க்கவேண்டும் என்றால் நடுவில் சர்வீஸ் வை. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது இந்த வேறுபாடு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. தைத்த ஆடைக்கு 1000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. வாட் விகிதத்தை நிரலுக்குள்ளேயே எழுதியிருந்த கடைகளில் அன்று இரவெல்லாம் ஒவ்வொரு கல்லாவாகப் போய்ப் புது நிரலை ஏற்றினார்கள். விடிந்தபோது இரண்டு கல்லாவில் பழையது, மூன்றில் புதியது. விகிதத்தை அமலுக்கு வரும் தேதியோடு அட்டவணையில் வைத்து, கணக்கிடுவதை ஒரே இடத்தில் செய்தவர்கள் சில வரிசைகளைச் சேர்த்துவிட்டுத் தூங்கப் போனார்கள். 2025 செப்டம்பர் 22-ல் அந்த எல்லை 2500 ஆகி, அதற்கு மேல் 18 சதவீதம் ஆயிற்று. இனியும் மாறும். நடு அடுக்கு என்பது கூடுதல் வேலைதான். அது நின்றால் எல்லாரும் நிற்பார்கள் என்பதும் உண்மை. அந்தப் பொறுப்பை ஏற்க உனக்கு நேரமும் மனமும் இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய். பக்கத்துக் கம்பெனி செய்கிறது என்பதற்காகச் செய்யாதே.

11. நகல் எடு, எடுத்ததைத் திறந்தும் பார். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் உபரி நீரும் மழையும் சேர்ந்து அடையாற்றைப் பெருக்கியபோது, கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பக்கம் தரைத்தளத்தில் இருந்த கம்ப்யூட்டர்கள் மூழ்கின. பக்கத்து அலமாரியில் வைத்திருந்த நகல் டிஸ்க்கும் சேர்ந்தே மூழ்கிற்று. வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்திருந்தவர்களிலும் சிலருக்கு ஏமாற்றம். தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் கோப்பை வெறுமனே காப்பி செய்திருந்தார்கள். அந்த நகல் திறக்கவில்லை. தரவுத்தளத்தின் சொந்த பேக்கப் கட்டளையால் எடு. மாதம் ஒருமுறை வேறொரு மெஷினில் அதை ஏற்றி, போன வாரத்து பில் ஒன்றைத் தேடிப் பார்.

12. உனக்குப் பின் வருபவருக்கு எழுதி வை. சர்வர் பெயர், போர்ட், டிரைவரின் பதிப்பு, 32-ஆ 64-ஆ, எந்தக் கோப்பில் இணைப்பு விவரம் இருக்கிறது, நிறுவும்போது எந்த வரிசையில் செய்யவேண்டும். ஒரு தாளில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டு சர்வர் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டு. கடவுச்சொல்லை அதில் எழுதாதே. மூடிய உறையில் போட்டு முதலாளியின் பெட்டகத்தில் வைக்கச் சொல். நீ ஊரில் இல்லாத நாளில், உன்னைப் போலவே புதிதாக வந்த ஒரு பிள்ளை அந்தத் தாளைப் பார்த்து அரை மணியில் கடையை ஓடவைக்க வேண்டும். முடிந்தால் அப்படி ஒரு பிள்ளையை இப்போதே கூட்டிக்கொண்டு போய், நீ பக்கத்தில் நின்று, அவர் கையாலேயே ஒருமுறை செய்யச் சொல்லிப் பார். எங்கே தடுமாறுகிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுது.